பினாங்கு என்பது யாது?

மச்சாளின் செத்தவீட்டில் நான் சொன்னதைக் கேட்டு நீங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டதை நான் கவனியாமல் இல்லை. "மனுசிக்கு அறளை பேந்திட்டுது, வயசு போய்ப் புத்தி மாறாட்டம்" என்று உங்களில் யாரோ மெல்லச் சொன்னதும் காதில் விழுந்தது. கண்தான் மங்கிப் போனது, காதுக்கு ஒன்றும் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் நெருக்கியடித்துக்கொண்டு படித்த உங்களுக்குத்தான் எழுதுகிறேன். பேரப்பிள்ளைகள் வாசிக்க வேண்டியதில்லை.

அன்றைக்குப் பந்தலுக்குள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று நினைவிருக்கிறதா? மச்சாளை உள்ளே கிடத்தியிருக்க, நீங்கள் வெளியே வெற்றிலை போட்டபடி பழைய கேள்வி விடைகளைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். எல்லாம் என் ஐயாவின் பொது அறிவுக் கொப்பியில் இருந்தவை. ஒருவர் கேட்க மற்றவர்கள் வகுப்பில் போலவே ஒரே குரலில் விடை சொன்னீர்கள். கடைசியில் ஒருவர், "பினாங்கு என்பது யாது?" என்றார். "மலாயாப் பெருநிலத்தின் மேற்குக் கரையிலே உள்ள ஒரு துறைமுகப் பட்டினம்" என்று எல்லோரும் இழுத்துப் பாடினீர்கள். உங்களில் ஒருவர் பினாங்கிலேயே பதினெட்டு வருஷம் கந்தோரில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அவரும் சேர்ந்துதான் பாடினார்.

அப்போதுதான் நான் எழும்பினேன். எழும்பி என்ன சொன்னேன், ஏன் சொன்னேன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

என்னைப் பெற்ற ஐயா நம் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வாத்தியார் என்பது உங்களுக்குத் தெரியும். அவருடைய அடியை வாங்காதவர்கள் உங்களில் குறைவு. ஆனால் அந்தக் கொப்பி வீட்டில் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. தடித்த மட்டை, முதுகில் சிவப்புத் துணி. பூச்சி அரிக்காமல் இருக்க இடைக்கிடை வேப்பிலை வைத்திருப்பார். திறந்தால் மையும் வேப்பிலையும் கலந்த ஒரு கசப்பு மணம் வரும். புதினத்தாள், பஞ்சாங்கம், கடையில் சீனி சுற்றிவந்த தாள் என்று எதில் எதைக் கண்டாலும் அதைக் கேள்வியும் விடையுமாக்கி அதில் எழுதிவிடுவார். "ஒரு மனுசன் நாலு பேருக்கு முன்னாலை வாய் திறக்கிறதெண்டால் உதுகளாவது தெரிஞ்சிருக்க வேணும்" என்பார்.

எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. விடிய எழும்பியதும் ஐயா என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போவார். துலாவை இழுத்து ஒரு வாளி அள்ளி என் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்பார். விடை சரியென்றால்தான் வாளி கவிழும். மார்கழிக் குளிரில் வேண்டுமென்றே பிழையாகச் சொல்லிவிட்டு நடுங்கிக்கொண்டு நிற்பேன். அவர் கண்டுபிடித்துச் சிரித்துவிட்டு, கேள்வியே கேட்காமல் தலையில் ஊற்றுவார். அந்தக் கிணற்றடி என்னுடையது. அங்கே என் அம்மாவுக்குக்கூட இடமில்லை என்று நினைத்திருந்தேன்.

எனக்குப் பத்து வயது நடக்கும்போது பினாங்கில் மாமி இறந்து போனா. ஐயாவின் ஒரே தங்கை. மாமா அங்கே புகையிரதக் கந்தோரில் கிளாக்கர். தனியே வைத்துப் பார்க்க முடியாது என்று தன் ஒரே மகளை, ஊருக்குத் திரும்பிய ஒரு குடும்பத்தோடு கப்பல் ஏற்றி எங்களிடம் அனுப்பிவிட்டார். ஜப்பான்காரன் மலாயாவுக்குள் வருவதற்குச் சில வருஷங்களுக்கு முந்தி. அவள்தான் மச்சாள். என்னிலும் ஐந்து மாதம் இளையவள்.

ரயில் கோச்சியால் இறங்கி, வண்டிலில் சண்டிலிப்பாய்க்கு வந்தாள். கையில் ஒரு தகரப்பெட்டி. அதைத் திறந்ததும் பூச்சி உருண்டை மணமும், வேறு ஏதோ இனிப்பான மணமும் எங்கள் வீடு முழுக்கப் பரவின. பூப் போட்ட சட்டைகள், கண்ணாடி போல மினுங்கும் ஒரு சீப்பு, நடுவில் துளை போட்ட ஒரு சின்ன மட்டைத் துண்டு. அது அக்கரைக்குப் போகிற கப்பலின் ரிக்கற் என்றாள். தொட்டுப் பார்க்கக் கேட்டேன். தந்தாள். தராமல் விட்டிருந்தால் கோபித்துக்கொள்ள ஒரு காரணம் கிடைத்திருக்கும். தந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரே வசனம்தான். "தாயில்லாப் பிள்ளை, விட்டுக்குடு." பாய் விட்டுக்கொடு, முட்டைப் பொரியல் விட்டுக்கொடு, சன்னலோரம் விட்டுக்கொடு. எனக்குத் தாய் இருப்பது நான் செய்த குற்றம் போல ஆகிவிட்டது.

ஆனால் ஒரு விஷயத்தில் என் கை ஓங்கியிருந்தது. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த ஒன்றுமே அவளுக்குத் தெரியாது. பனங்கிழங்கைத் தும்போடு கடித்துவிட்டு முழிப்பாள். ஆறே இல்லாத யாழ்ப்பாணத்தில் "உங்கடை ஊர் ஆறு எங்கை?" என்று கேட்டாள். ஐயா சால்வையைப் போட்டுக்கொண்டு படலையைத் தாண்டும் நேரம் பார்த்து, "எங்கை மாமா போறியள்?" என்று கேட்டாள். அவர் திரும்பி வந்து, ஒரு செம்பு தண்ணீர் குடித்து, கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் மறுபடி வெளிக்கிட்டார். "உது கூடத் தெரியாதோ?" என்று நான் கேட்கும்போது எனக்குள் பாயசம் குடித்தது போல இருக்கும்.

பெரிய சந்தோஷம் ஒன்று அந்த மாதமே கிடைத்தது. பக்கத்து வளவில் ஒரு செத்தவீடு. அம்மாவோடு போனோம். திரும்பும்போது அம்மா வழக்கம்போல ஒன்றும் சொல்லாமல் எழும்பி நடந்தா. மச்சாள் மட்டும், நல்ல பழக்கமாக வளர்க்கப்பட்ட பிள்ளையல்லவா, அழுதுகொண்டிருந்த பெண்களுக்கு முன்னால் போய் நின்று, "போட்டு வாறம்" என்றாள். ஒப்பாரியே நின்று போனது. செத்தவீட்டில் 'போய்விட்டு வருகிறோம்' என்று விடை சொல்லிக்கொண்டு போகக்கூடாது என்பது தவழுகிற பிள்ளைக்கும் தெரியும் என்று அம்மா வழி நெடுகப் புறுபுறுத்தா. அவள் அப்படிச் சொல்லப்போகிறாள் என்று எனக்கு முன்னமே தெரிந்திருந்தது. வாயைத் திறக்கிற விதத்திலேயே தெரிந்தது. நான் கையைப் பிடித்து இழுக்கவில்லை.

அன்றைக்குப் பின்னேரம் அவள் என்னிடம் கேட்டாள்: "உதெல்லாம் எந்தக் கொப்பியிலை எழுதியிருக்கு?"

"ஒண்டிலையும் எழுதேல்லை. எல்லாருக்கும் தெரியும்."

"எழுதாட்டில் எனக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியாதெண்டால் வாயை மூடிக்கொண்டு நிண்டு, மற்ற ஆக்கள் சொல்லுற மாதிரிச் சொல்லு."

அவள் தலையாட்டினாள். நான் சொன்னதை அவள் எவ்வளவு கவனமாக எடுத்துக்கொண்டாள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஒரு நாள் பின்னேரச் சாப்பாட்டில் அவள் அந்தக் கப்பலைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினாள். வீடு இக்கரையில், தன் அப்பாவின் கந்தோர் அக்கரையில். நடுவில் கடல். கீழ்த் தட்டில் மாட்டு வண்டிலும் மோட்டார்க் காரும் ஏறும், மேல் தட்டில் வாங்கில் இருந்துகொண்டு ஆட்கள் போவார்கள். பொழுது பட்டால் இரண்டு கரையிலும் விளக்குகள் தண்ணீருக்குள் நீளமாக விழுந்து ஆடும். ஐயாவின் கையில் பிசைந்த சோறு அப்படியே காய்ந்தது.

"எவ்வளவு நேரம் செல்லும் பிள்ளை?"

"அரை மணித்தியாலமும் வராது மாமா. அந்தக் கப்பலிலைதான் அம்மாவை..." என்று தொடங்கியவள் நிறுத்திவிட்டாள். அம்மா அவசரமாக அவள் கோப்பையில் இன்னும் ஓர் அகப்பை சொதி ஊற்றினா.

"ஐயா, என்னட்டைக் கேள்வி கேளுங்கோ" என்றேன்.

"பொறு பிள்ளை. மச்சாள் கதைக்கட்டும்."

அந்தச் சொல் எனக்கு எப்படி இருந்தது என்று இந்த வயதிலும் சொல்ல முடியும். நெஞ்சுக்குள் மிளகாய் அரைத்துப் பூசியது போல இருந்தது. என்னிடம் ஐயா கேட்டதெல்லாம் அவருக்கு விடை தெரிந்த கேள்விகள். அவளிடம் கேட்டது அவருக்குத் தெரியாத கேள்வி. என் ஐயாவுக்குத் தெரியாதது ஒன்று உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. அதை வைத்திருந்தவள் இவள்.

அந்த வருஷம்தான் விடுதிப் பள்ளிக்கூடத்துக்கு நம் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பெண்பிள்ளையை இலவசமாக எடுப்பதாக, அதை நடத்திய வெள்ளைக்கார மிஸியம்மா சொல்லியிருந்தா. ஒரே ஒரு பிள்ளை. தலைமை வாத்தியார் பொது அறிவில் ஒரு வாய்ப் பரீட்சை வைத்துப் பெயரைக் கொடுக்க வேண்டும். கிடைக்காத பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் சரி. பிறகு அடுப்படியும் புகையிலைத் தோட்டமும்தான். மூன்று வருஷமாகக் கிணற்றடியில் நனைந்தது இதற்காகத்தான் என்று நான் நம்பியிருந்தேன்.

"மச்சாளும் எழும்பி நிக்கட்டும். கொப்பியைப் பார்த்து அவளுக்கும் ஒண்டு எழுதிக் குடு பிள்ளை" என்றார் ஐயா. "என்ரை எழுத்துக் கோழி கிளறின மாதிரி. உன்ரை எழுத்துத்தான் முத்து."

முன் விறாந்தையில் இருந்து எழுதினேன். மைக்குளிசையைத் தண்ணீரில் கரைத்து, நிப்பை நாக்கில் தொட்டுத் தொட்டு, நான்கு நாள். நான்காம் நாள் அந்தக் கேள்வி வந்தது. "பினாங்கு என்பது யாது? மலாயாவின் மேற்குக் கரைக்கு அப்பால், கடல் நடுவே உள்ள ஒரு தீவு." ஐயாவின் கோழிக் கிறுக்கலில் தெளிவாகவே இருந்தது. அவர் எத்தனையோ தரம் என் தலைக்கு மேலே வாளியைப் பிடித்துக்கொண்டு கேட்டது. அந்தக் "கடல் நடுவே"யைப் பார்த்தேன். விளக்குகள் தண்ணீருக்குள் விழுந்து ஆடின. பொறு பிள்ளை, மச்சாள் கதைக்கட்டும்.

நான் எழுதினேன்: "மலாயாப் பெருநிலத்தின் மேற்குக் கரையிலே உள்ள ஒரு துறைமுகப் பட்டினம்."

முந்நூறு கேள்வியில் அந்த ஒன்றைத்தான் மாற்றினேன். அதைத்தான் எல்லாவற்றிலும் அழகாக எழுதினேன்.

அடுத்த நாள் அவள் அதைச் சத்தமாக வாசித்துப் பாடமாக்கினாள். நான் அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அந்த இடம் வந்ததும் அவள் குரல் நின்றது. என் கையும் நின்றது. ஓடிப்போய் ஐயாவிடம் சொல்லுவாள், ஐயா இரண்டு கொப்பியையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார், என் கதை முடிந்தது என்று இருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்த வரியை, நான் எழுதியபடியே, மூன்று தரம் சொன்னாள். பிறகு அடுத்த கேள்விக்குப் போனாள். தான் பிறந்த இடமே தெரியாத விசரி என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தபோது அந்தப் பக்கத்தில் ரிக்கற் துண்டை அடையாளமாக வைத்திருந்தாள்.

பரீட்சைக்கு முதல் நாள் தலைமை வாத்தியார் வீட்டுக்கு வந்தார். கேள்வி கேட்க ஐயாவின் கொப்பி வேண்டும் என்றார். இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "வாத்தியார், உதை நான் வாசிச்சு முடிக்க ரண்டு பொங்கல் வந்திடும்" என்றார். ஐயா சிரித்துக்கொண்டே மச்சாளின் கொப்பியை எடுத்துக் கொடுத்தார். "மகள் எழுதினது. ஒரு எழுத்துப் பிசகாது."

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது சொல்லியிருக்கலாம். முந்நூறில் ஒன்றுதானே, அது ஏன் வரப்போகிறது என்று என்னை நானே சமாளித்துக்கொண்டேன்.

பரீட்சை நாள் உங்களுக்கு நினைவிருக்கும். உங்களில் பெண்பிள்ளைகள் எல்லோரும் ஒவ்வொருவராகப் பிழை சொல்லி வாங்கில் இருந்துவிட்டீர்கள். கடைசியில் நின்றது நானும் மச்சாளும். மிஸியம்மா வரவில்லை, பெயர் மட்டும் எழுதி அனுப்பினால் போதும் என்று சொல்லியிருந்தா. மகளும் மருமகளும் நிற்கிற இடத்தில் ஐயா வாய் திறக்கக்கூடாது என்று அவரைப் பின்சுவரோடு ஒரு கதிரையில் இருத்தியிருந்தார்கள். தலைமை வாத்தியார் பக்கத்தைப் புரட்டினார். ரிக்கற் துண்டு நிலத்தில் விழுந்தது. குனிந்து எடுத்து, என்னவென்றும் பாராமல் மச்சாளிடம் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பினாங்கு என்பது யாது?"

அவர் கையில் இருக்கிற விடை எனக்குத் தெரியும். என் எழுத்து. அதைச் சொன்னால் சரி, விடுதிப் பள்ளிக்கூடம் எனக்கு. வாயைத் திறந்தேன். பின்னால் ஐயாவின் முகம் தெரிந்தது. சுகமான கேள்வி, பிள்ளை தப்பிவிட்டது என்று அந்த முகம் மலர்ந்திருந்தது. வாளியைக் கவிழ்க்கிற முகம். அந்த முகத்துக்கு நேரே என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

"தீவு" என்றேன். "கடல் நடுவே உள்ள ஒரு தீவு."

தலைமை வாத்தியாரின் விரல் வரியில் ஊர்ந்தது. "பிழை. அடுத்த ஆள்."

மச்சாள் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னாள்: "மலாயாப் பெருநிலத்தின் மேற்குக் கரையிலே உள்ள ஒரு துறைமுகப் பட்டினம்."

"சரி."

ஐயா கதிரையிலிருந்து பாதி எழும்பினார். பிறகு இருந்துவிட்டார். தன் மகளுக்காகக் கதைக்கிறார் என்று நீங்கள் சொல்லுவீர்கள் என்ற பயம் ஒன்று. மற்றதை வீட்டில்தான் அறிந்தேன். வந்ததும் வராததுமாகப் பேனையை எடுத்துக்கொண்டு கொப்பிக்கு முன்னால் இருந்தார்.

"பிழையை நான்தான் எழுதி வைச்சிருக்கிறன் பிள்ளை. அங்கை பிறந்து வளர்ந்த பிள்ளை தன்ரை கொப்பியிலை திருத்திச் சொல்லுது, அதுக்குத் தெரியாததோ? உன்னை நான்தான் கெடுத்துப் போட்டன்."

சரியாக இருந்த வரியை வெட்டினார். அதற்கு மேலே என் பொய்யை எழுதினார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொல் சொன்னால் போதும். சொன்னால் கிணற்றடியும் போய்விடும் என்று விழுங்கினேன். ஆனால் அடுத்த நாளே அவர் எனக்குத் தண்ணீர் அள்ளுவதை நிறுத்திவிட்டார். "நீ இனிப் பெரிய பிள்ளை" என்றார். வெட்கத்தினால்தான் நிறுத்தினார் என்று இப்போது தெரிகிறது.

மச்சாள் விடுதிக்குப் போகிற காலை. வண்டிலில் தகரப்பெட்டியை ஏற்றியாயிற்று. கொண்டுபோய் விட ஐயா ஏறி இருந்தார். எட்டு நாளாக நான் அவளோடு கதைக்கவில்லை. படலையடியில் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மச்சாள், கோவமோ?"

"பினாங்கு தீவெண்டு உனக்குத் தெரியாதோ? அங்கை பிறந்தனீதானே?"

"தெரியும்."

"பின்னை ஏன் அப்பிடிச் சொன்னனீ?"

"நீதானே எழுதித் தந்தனீ." அவள் குரலில் குற்றம் சொல்கிற சாயல் இல்லை. "இஞ்சை நான் தெரியுமெண்டு சொன்னதெல்லாம் பிழையாத்தானே போச்சு. செத்தவீட்டிலை சொல்லக்கூடாதெண்டு தெரியாது. மாமா வெளிக்கிடேக்கை கேக்கக்கூடாதெண்டும் தெரியாது. உதுவும் அப்பிடி ஒண்டாக்கும் எண்டு நினைச்சன். இஞ்சை பினாங்கை உப்பிடித்தான் சொல்லவேணுமாக்கும்."

"அப்ப அந்தக் கடல்?"

"அது இருக்குந்தானே. நான் சொல்லாட்டில் எங்கை போகப்போகுது? அம்மாவின்ரை சாம்பலைக் கப்பலிலை இருந்து அதுக்குள்ளைதான் கரைச்சவை."

ஐயா வண்டிலில் இருந்து கூப்பிட்டார். அவள் ஏறினாள். ஏறி இருந்துகொண்டு, "போட்டு வாறன் மச்சாள்" என்றாள்.

எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றில்லை, அது பிறகு வந்தது. முதலில் வந்தது பழைய எரிச்சல்தான். என்னிடம் இருந்தது ஐயா சொல்லித் தந்தது மட்டும். அதை ஒருவர் 'பிழை' என்றதும் ஒன்றும் மிஞ்சவில்லை. அவளிடம் இருந்ததை யாரும் வெட்டி எழுத முடியாது. இப்போது என் ஐயாவும் அவளுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு போகிறார். "ஓம், போட்டு வா" என்று ஒரு பச்சைப் பிள்ளைகூடச் சொல்லும். நான் படலையைச் சாத்திவிட்டு உள்ளே போனேன்.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். என் முத்து எழுத்தைத் தலைமை வாத்தியார் வகுப்பு வகுப்பாகப் பார்த்தெழுத வைத்தார். ஐயாவும் இளைப்பாறும்வரை அதையே படிப்பித்தார். ஜப்பான்காரன் சண்டைக்குப் பிறகு மாமாவிடமிருந்து கடிதமே வரவில்லை. மச்சாள் படித்து, ரீச்சராகி, ஊருக்கே பெரிய மனுசியானா. விடுமுறைக்கு விடுமுறை வந்தா, என் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்துத் தந்தா. கடைசிவரை அந்த வரியைத் திருத்தவில்லை. நானும் திருத்தவில்லை. நான் தெரிந்துதான் மாற்றினேன் என்று அவவுக்குத் தெரியுமோ என்றும் கேட்கவில்லை. ஐயா அதை உண்மையென்று நம்பிக்கொண்டே கண்ணை மூடினார்.

அன்றைக்குப் பந்தலுக்குள் நீங்கள் எல்லோரும் என் பொய்யை ஒரே குரலில் பாடினீர்கள், உள்ளே மச்சாள் கேட்காமல் கிடந்தா. நான் எழும்பி உள்ளே போய், தலைமாட்டில் நின்று, எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னேன்: "போட்டு வாறன் மச்சாள்." செத்தவீட்டில் அப்படிச் சொல்லக்கூடாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அறளை ஒன்றும் பேரவில்லை.

உங்களில் யாரிடமாவது அன்று பார்த்தெழுதிய கொப்பி இன்னும் இருந்தால் எடுங்கள். அந்த வரியை வெட்டுங்கள். மேலே எழுதுங்கள்: பினாங்கு ஒரு தீவு. நடுவில் கடல் இருக்கிறது.